வருஷத்துக்கு ஒரு வாரம்: டைம்ஷேர் மோசடிகளின் அறுபது வருஷக் கதை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா போன் பண்ணினார். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"டேய், அந்த ரிசார்ட் மெம்பர்ஷிப் இருக்குல்ல, அதை வாங்க ஆள் கிடைச்சாச்சு. நாலரை லட்சம் தர்றாங்களாம்."

தொண்ணூறுகளின் கடைசியில் தவணையில் வாங்கியது அது. சித்தி இருந்தவரைக்கும் ரெண்டு தடவையோ மூணு தடவையோ போனார்கள். அதற்கப்புறம் பைல் பீரோவில் தூங்குகிறது. வருஷா வருஷம் மெயின்டனன்ஸ் கட்டச் சொல்லிக் கடிதம் மட்டும் தவறாமல் வரும்.

"நல்ல விஷயம்தானே சித்தப்பா" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுடா. என்ஓசி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் முதல்ல நாம கட்டணுமாம். அதுவும் நாலரை லட்சத்தோட சேர்ந்து திரும்பி வந்துடுமாம்."

நாளைக்குக் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ரெண்டு நாள் பொறுங்க என்று சொல்லிவிட்டுத் தேட ஆரம்பித்தேன். ரெண்டு நாள் ரெண்டு வாரமாக இழுத்துவிட்டது. அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

தேடியதில் புரிந்த ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்கு வந்த அந்த அழைப்பு புதுசு இல்லை. அதற்கு ஒரு நீண்ட வம்சாவளி இருக்கிறது. வாங்கும் இடத்தில் நடந்த ஏமாற்றை ஒவ்வொரு நாடாகச் சட்டம் போட்டு அடைத்தபோது, ஏமாற்று மெல்ல நகர்ந்து, விற்றுவிட்டு வெளியே வரத் துடிப்பவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

வாரத்தை விற்கலாம் என்ற யோசனை

டைம்ஷேர் என்பது இதுதான். கோடை வாசஸ்தலத்திலோ கடற்கரையிலோ இருக்கும் ஒரு குடியிருப்பை ஒருத்தருக்கே விற்காமல், வருஷத்தை 52 வாரங்களாகப் பிரித்து, பராமரிப்புக்கு ஒன்றிரண்டு வாரம் ஒதுக்கிவிட்டு, மீதியை ஆளுக்கு ஒரு வாரமாக விற்பது. வாங்கியவர் வருஷத்துக்கு ஒரு வாரம் வந்து தங்கலாம்.

யோசனை ஒன்றும் மோசமானது இல்லை. 1963-ல் சுவிட்சர்லாந்தில் ஹாப்பிமாக் என்ற நிறுவனம் தொடங்கியது. பங்கு வாங்கினால் அந்த நிறுவனத்தின் விடுதிகளில் தங்கும் உரிமை கிடைக்கும். அது இன்றைக்கும் நடக்கிறது. அதே 1960-களின் பிற்பகுதியில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் சூப்பர்தெவொலுய் என்ற பனிச்சறுக்கு ஊரில், வாடகை கொடுப்பதைவிட உங்களுக்கென்று ஒரு பங்கை வாங்கிவிடுவது மலிவு என்று சொல்லி விற்றார்கள். அங்கே பனிக்காலத்தில் அறை கிடைப்பதே கஷ்டம். வருஷா வருஷம் போகிறவர்களுக்கு அது நியாயமான பேரமாகவும் இருந்திருக்கும்.

திருப்பம் அமெரிக்காவில் வந்தது. 1970-களின் நடுவில் எண்ணெய் நெருக்கடி, பொருளாதார மந்தம். ஃபுளோரிடாவில் கட்டுமானக்காரர்கள் கட்டிக் குவித்திருந்த அபார்ட்மென்ட்கள் விற்காமல் நின்றன. முழுசாக வாங்க ஆள் இல்லையா, வாரமாக நறுக்கி விற்போம் என்று இறங்கினார்கள். 1974-ல் இண்டியானாபொலிஸில் ஆர்சிஐ என்ற பரிமாற்ற நிறுவனம் தொடங்கியது. உங்கள் வாரத்தைக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் வேறொருவர் வாரத்தை எடுத்துக்கொள்ளலாம். 'ஒரே இடத்துக்கே எத்தனை தடவை போவது' என்ற கேள்விக்கு அதுவே பதிலானது. 1984-ல் மாரியட்டும் 1991-ல் டிஸ்னியும் இந்தத் தொழிலுக்குள் வந்தன.

ஒரு வித்தியாசத்தை இங்கே கவனியுங்க. சூப்பர்தெவொலுயில் அறை வேண்டியவர்கள் தேடி வந்தார்கள். ஃபுளோரிடாவில் விற்க வேண்டியவர்கள் ஆளைத் தேடிப் போனார்கள்.

செய்கூலியும் சேதாரமும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. ஒரு அபார்ட்மென்ட்டின் சந்தை விலை 50 லட்சம். 50 வாரமாகப் பிரித்தால் வாரத்துக்கு 1 லட்சம். அதை 2.5 லட்சத்துக்கு விற்றால் மொத்தம் 1.25 கோடி. நடுவில் இருக்கும் 75 லட்சம் எங்கே போகிறது?

இலவசப் பரிசு, ஓட்டல் ஹாலின் வாடகை, சாப்பாடு, போன் செய்யும் பெண்களின் சம்பளம், மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசுபவரின் கமிஷன், மிச்சம் லாபம். டைம்ஷேர் விலையில் கணிசமான பங்கு அதை விற்பதற்கான செலவுதான். தானாகத் தேடிக்கொண்டு போய் டைம்ஷேர் வாங்குகிறவர் மிகக் குறைவு என்பதால் அந்தச் செலவு இல்லாமல் தொழில் ஓடாது.

நகைக்கடைக்குப் பழைய சங்கிலியைக் கொண்டுபோனால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது என்று நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். தங்கத்தின் எடைக்குத்தான் காசு. டைம்ஷேரில் 'தங்கம்' கொஞ்சம், சேதாரம் நிறைய. நீங்கள் விற்கப் போகும்போது உங்களிடம் ஹாலும் இல்லை, பரிசுக் கூப்பனும் இல்லை, பேச்சாளரும் இல்லை. போதாக்குறைக்கு, வாங்குகிறவர் வருஷா வருஷம் ஏறும் பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதனால்தான் அமெரிக்காவில் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லாத டைம்ஷேர்கள் ஏராளம்.

'இது முதலீடு, விலை ஏறும், எப்ப வேணும்னாலும் வித்துக்கலாம்' என்ற வாக்குறுதி இந்தக் கணக்கில் எங்கேயும் பொருந்தாது. ஆனால் விற்பனை ஹாலில் அதிகம் கேட்ட வாக்குறுதி அதுதான்.

தெனெரிஃப் தீவின் சுரண்டல் அட்டை

1980-களில் கதை ஸ்பெயினுக்கு வருகிறது. ஆப்பிரிக்கக் கரைக்கு அருகில் ஸ்பெயினுக்குச் சொந்தமான கனாரித் தீவுகள் இருக்கின்றன. அதில் தெனெரிஃப் தீவுக்கு வெயில் தேடிப் பிரிட்டிஷ்காரர்கள் லட்சக்கணக்கில் போவார்கள். கடற்கரைச் சாலையில் இளைஞர்கள் சுரண்டல் அட்டையோடு நிற்பார்கள். சுரண்டினால் எப்போதுமே பரிசுதான். பரிசை வாங்க ரிசார்ட்டுக்கு வர வேண்டும், புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வர வேண்டும். 'வீட்டில் கேட்டுச் சொல்றேன்' என்று தப்பிக்க வழி இருக்கக் கூடாது இல்லையா? தொண்ணூறு நிமிஷம் என்பார்கள், பாதி நாள் போகும். இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்பார்கள். நம் ஊர்ப் பொருட்காட்சியில் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, மறுவாரம் 'சார், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு' என்று போன் வாங்கியவர்களுக்கு இது பழகிய காட்சி.

அந்தத் தீவில் பெரிய டைம்ஷேர் சாம்ராஜ்யம் நடத்தியவர் ஜான் பால்மர். 1983-ல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் அருகே நடந்த பிரிங்க்ஸ்-மாட் தங்கக் கொள்ளையில், திருட்டுத் தங்கத்தை உருக்கியதாக வழக்கில் சிக்கி, 1987-ல் விடுதலையானவர். அவருடைய டைம்ஷேர் மோசடியின் அமைப்பைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். ஏற்கெனவே டைம்ஷேர் வைத்திருப்பவர்களிடம் போவார்கள். 'உங்க பழைய வாரத்தை நல்ல விலைக்கு வித்துத் தர்றோம். அதுக்கு முதல்ல எங்ககிட்ட புதுசு ஒண்ணு வாங்கிக்கோங்க' என்பார்கள். புதுசுக்குப் பணம் போகும். பழையது விற்கவே விற்காது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏமாந்தன. 2001-ல் லண்டன் நீதிமன்றம் பால்மருக்கு எட்டு வருஷச் சிறைத் தண்டனை கொடுத்தது.

ஒரு தடவை மாட்டிக்கொண்டவர்தான் அடுத்த தடவைக்குச் சுலபமான ஆள் என்பதை அந்தத் தொழில் அப்போதே கண்டுபிடித்துவிட்டது.

35 மாசத்தின் ரகசியம்

சட்டங்கள் சும்மா இருக்கவில்லை. பிரிட்டன் 1992-ல் டைம்ஷேர் சட்டம் கொண்டுவந்து, கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு மாறினால் விலகிக்கொள்ள 14 நாள் கொடுத்தது. 1994 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் ஓர் ஆணை போட்டது. குறைந்தது 10 நாள் யோசிக்க அவகாசம் தர வேண்டும், அந்த நாட்களுக்குள் முன்பணம் வாங்கவே கூடாது. ஹாலில் சூடாக்கிய தலை வீட்டுக்குப் போய் ஆற நேரம் கொடுப்பதுதான் நோக்கம்.

ஆனால் எந்தச் சட்டத்துக்கும் ஒரு வரையறை வேண்டும். 1994 ஆணை சொன்ன வரையறை: மூன்று வருஷமோ அதற்கு மேலோ ஓடும் ஒப்பந்தம், வருஷத்துக்கு ஒரு வாரமாவது தங்கும் உரிமை, அசையாச் சொத்து. விற்பவர்கள் அதை வரிக்கு வரி படித்தார்கள். மூன்று வருஷம் என்றால் 36 மாசம், எனவே 35 மாச ஒப்பந்தம் வந்தது. அசையாச் சொத்து என்றால் படகு அடங்காது, எனவே படகு வீட்டில் வாரம் விற்றார்கள். இடமே சொல்லாமல் 'ஹாலிடே கிளப்' என்று தள்ளுபடி உறுப்பினர் அட்டையை விற்றார்கள். பொருளின் பெயர் மாறியது. ஹால், பரிசு, 'இன்றைக்கு மட்டும்' எதுவும் மாறவில்லை.

ஓட்டைகளை அடைக்க 14 வருஷம் ஆனது. 2009 ஜனவரியில் கையெழுத்தான புதிய ஆணை, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தது. படகும் உண்டு, கிளப் அட்டையும் உண்டு. யோசிக்கும் அவகாசம் 14 நாள் ஆனது. எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு பிரிவு. மறுவிற்பனை செய்து தருகிறேன் என்பவர், விற்பனை உண்மையில் முடியும்வரை உரிமையாளரிடம் ஒரு பைசாகூட வாங்கக் கூடாது. சித்தப்பாவின் முப்பத்தெட்டாயிரம் ஞாபகம் வருகிறதா? ஐரோப்பாவில் அப்படிக் கேட்பதே சட்ட விரோதம்.

ஸ்பெயின் 1998-லேயே டைம்ஷேரின் காலத்துக்கு 50 வருஷம் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. பல நிறுவனங்கள் கண்டுகொள்ளாமல் காலவரையின்றி விற்றன. 2015 ஜனவரியில் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட ஓர் ஒப்பந்தம் செல்லாது என்றது. பிறகு வழக்குகள் குவிந்தன, பலருக்குப் பணமும் திரும்பியது. ஆனால் தீர்ப்புச் செய்தி பரவிய கையோடு இன்னொரு கூட்டம் கிளம்பியது. 'உங்க பணத்தைக் கோர்ட் மூலமா வாங்கித் தர்றோம், முதல்ல பீஸ் கட்டுங்க.' பீஸ் வாங்கியதும் காணாமல் போன நிறுவனங்கள் அதில் நிறைய.

மூன்று முறை ஏமாறுவது எப்படி

இந்த முறையை முழு உருவத்தில் பார்க்க மெக்சிகோவுக்குப் போக வேண்டும். பசிபிக் கரையில் புவர்த்தோ வயார்த்தா என்ற கடற்கரை ஊர். அமெரிக்கர்கள் அங்கே நிறைய டைம்ஷேர் வாங்கியிருக்கிறார்கள். ஹாலிஸ்கோ மாநிலத்தின் போதைப்பொருள் கும்பலான சிஜேஎன்ஜி இந்தத் தொழிலுக்குள் இறங்கியது. 2024 ஜூலையில் அமெரிக்க நிதித்துறையும் எஃப்பிஐயும் சேர்ந்து வெளியிட்ட எச்சரிக்கையில் வேலை நடக்கும் விதம் விவரமாக இருக்கிறது.

முதலில் ரிசார்ட் ஊழியர்கள் வழியாக உரிமையாளர் பட்டியல் வெளியே வரும். கால் சென்டரிலிருந்து 'உங்க டைம்ஷேரை வாங்க ஆள் இருக்கு' என்று அழைப்பு வரும். கட்டணம், வரி என்று முன்பணம் கேட்பார்கள். அது முடிந்ததும், ஏமாந்த அதே ஆளுக்கு வக்கீல் என்று இன்னொருவர் போன் செய்வார்: இழந்ததை மீட்டுத் தருகிறேன், செலவுக்கு அனுப்புங்க. அதுவும் முடிந்த பிறகு அரசு அதிகாரி வேஷத்தில் மூன்றாவது அழைப்பு: உங்கள் பணப் பரிமாற்றம் சந்தேகத்துக்குரியது, அபராதம் கட்டுங்க. 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார் செய்திருக்கிறார்கள். வெட்கப்பட்டு வெளியே சொல்லாதவர்கள் கணக்கில் இல்லை. பெரும்பாலும் வயதானவர்கள்.

2023-ல் குவாதலஹாரா நகரத்தின் அருகே இப்படியொரு கால் சென்டரில் வேலை பார்த்த இளைஞர்கள் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். வேலையை விட்டுப் போக முயன்றதற்காக என்று அமெரிக்க அதிகாரிகள் சொன்னார்கள். அந்தப் பக்கம் பேசும் குரலும் சில சமயம் மாட்டிக்கொண்ட குரல்தான்.

நம் ஊரில்

இந்தியாவின் டைம்ஷேர் கதையில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்டெர்லிங் 1986-ல் சென்னையில் தொடங்கியது. கொடைக்கானலும் ஊட்டியும் வாரக்கணக்கில் விற்றதை அந்தக் கால விளம்பரங்களைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1996-ல் மஹிந்திரா ஹாலிடேஸ் வந்தது. ரெண்டும் இன்றும் ரிசார்ட் நடத்துகின்றன. ஒழுங்காகப் பயன்படுத்தித் திருப்தியாக இருக்கும் குடும்பங்களையும் எனக்குத் தெரியும். டைம்ஷேர் என்றாலே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை.

முதலீடு என்று பெயர் மாற்றியதும் என்ன நடக்கும் என்பதற்கு இங்கே பான்கார்டு கிளப்ஸ் வழக்கு இருக்கிறது. ஓட்டல் அறை இரவுகளை முன்கூட்டியே விற்றார்கள். தங்காவிட்டால் காலக்கெடு முடிந்ததும் கூடுதல் தொகை திரும்பக் கிடைக்கும் என்றார்கள். தங்குவதற்காக வாங்கியவர்கள் குறைவு. இது விடுமுறை இல்லை, அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று 2014-ல் செபி தடை போட்டது. 2016-ல் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இறுதி உத்தரவு வந்தது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து திரட்டியது 7,000 கோடி ரூபாய்க்கு மேல்.

ஐரோப்பாவைப் போல டைம்ஷேருக்கென்றே ஒரு சட்டம் இந்தியாவில் இல்லை. 14 நாள் உரிமையும் இல்லை. சில நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே விலகும் அவகாசம் தருகின்றன, அது எத்தனை நாள் என்று முதலில் தேடிப் பாருங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்த்துப் போக வழி தருகிறது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஆனால் ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆலோசனைக்கு 1915.

இவ்வளவு படித்ததில் எனக்கு மிஞ்சியது சில பழக்கங்கள்:

வாங்கப் போனால், வாயால் சொன்னது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்க. 'பீக் சீசனில் அறை நிச்சயம்' என்றால் எந்தப் பக்கத்தில் என்று கேளுங்க. பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு ஏறலாம் என்பதற்கு வரம்பு உண்டா என்று கேளுங்க. இன்றைக்கு மட்டும் என்றால் இன்றைக்கு வேண்டாம் என்று எழுந்துவிடுங்க. வாங்குவதற்கு முன், அதே மெம்பர்ஷிப்பைப் பழசாக யாராவது விற்கிறார்களா, என்ன விலைக்கு என்று தேடுங்க. அதுதான் நீங்கள் வெளியே வரும்போது கிடைக்கக்கூடிய விலை.

விற்கப் போனால், முதலில் ரிசார்ட் நிறுவனத்தையே கூப்பிடுங்க. பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு, திரும்ப ஒப்படைக்க வழி உண்டா என்று அவர்கள்தான் சொல்ல முடியும். தானாக வந்த அழைப்பில் கொடுத்த நம்பருக்குப் பேசாமல், பழைய ரசீதில் இருக்கும் நம்பருக்குப் பேசுங்க. வாங்குகிறவருக்காக நாம் முன்பணம் கட்டும் வியாபாரம் உலகத்தில் எதுவும் இல்லை. பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930-க்குச் சொல்லுங்க. ஒருமுறை ஏமாந்தவர் என்றால், அடுத்து வரும் 'மீட்டுத் தருகிறோம்' அழைப்பையும் அதே கூட்டம் என்றே வைத்துக்கொள்ளுங்க.

கடைசியாகச் சித்தப்பா

இதையெல்லாம் சொல்ல நேரில் போனேன். அவர் நம்பவில்லை. "ரொம்ப மரியாதையா பேசுறாங்கடா, மெம்பர் நம்பர் எல்லாம் கரெக்டா சொல்றாங்க" என்றார். சரி, அடுத்த தடவை கூப்பிட்டால் ஒன்றே ஒன்று கேளுங்க என்றேன். முப்பத்தெட்டாயிரத்தை நாலரை லட்சத்தில் கழித்துக்கொண்டு மீதியை அனுப்ப முடியுமா?

மறுநாள் கேட்டார். 'சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்ல சார்' என்று பதில் வந்தது. மரியாதை கொஞ்சம் குறைந்தது. அப்புறம் அழைப்பே வரவில்லை.

சித்தப்பா சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்தேன். இல்லை. ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லை. தங்கச்சி வீடு கட்டுகிறாள், அந்த நாலரை லட்சத்தை அவர் மனசுக்குள் அவளுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தார். மோசடிக்காரனிடமிருந்து முப்பத்தெட்டாயிரத்தைக் காப்பாற்றிக் கொடுத்த நான், அவர் கணக்கில் நாலரை லட்சத்தை இல்லாமல் ஆக்கியவன்.

போன வாரம் மறுபடி போன். "டேய், டெல்லி கன்ஸ்யூமர் கோர்ட்லேர்ந்து பேசுறாங்களாம். பழைய மெம்பர்ஷிப்புக்கு நஷ்டஈடு வந்திருக்காம், பைல் சார்ஜ் மட்டும் கட்டணுமாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சிரித்தார். "கழிச்சுக்கிட்டு மீதியை அனுப்புங்கன்னு சொல்லிட்டேன்."